மஞ்சள் மதிலில் கொடுத்த டீ

என் அண்ணன் முப்பத்தோரு வருடம் ஒரே தெருவைக் குறுக்கே கடந்தார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் ஒரு காலத்தில் வந்திருக்கிறது.

எங்களுடையது இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நடுத்தர நாடு. அவர்கள் இருவரிடமும் அணுகுண்டு உண்டு, எங்களிடம் இல்லை. ஆனால் யார் யார்மேல் போட்டாலும் காற்று எங்கள் பக்கம்தான் அடிக்கும். ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கும் டீச்சர் நான், காற்றுத் திசையை வரைபடத்தில் போட்டே காட்டுவேன். அந்த இரண்டு பேருக்கும் நேருக்கு நேர் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து எங்கள் வெளியுறவு அலுவலகத்திடம் கொடுப்பார்கள். இரண்டு தூதரகங்களும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்தன. ஒன்றுக்கு மஞ்சள் மதில், இன்னொன்றுக்கு வெள்ளை மதில். அலுவலகத்தில் அந்த நாடுகளின் பெயரைக்கூட யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். மஞ்சள் மதில், வெள்ளை மதில், அவ்வளவுதான். உறையைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே போய் வருகிற தபால் பிரிவு குமாஸ்தா என் அண்ணன்.

நடப்பது சுலபம், நடுநிலையாக நடப்பதுதான் கஷ்டம் என்பார். மஞ்சள் மதிலுக்குள் எத்தனை நிமிடம் உட்கார்ந்தாரோ அத்தனை நிமிடம் வெள்ளை மதிலுக்குள்ளும் உட்கார வேண்டும். இரண்டு வாசலிலும் காவலர்கள் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுவார்கள். ஒரு பக்கம் கை குலுக்கினால் மறுபக்கமும் குலுக்க வேண்டும். டீ கொடுத்துக் குடித்தால் அங்கேயும் போய்க் குடிக்க வேண்டும். அங்கே டீ இல்லையென்றால் தண்ணீராவது கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வருவார். ஒருமுறை கொட்டுகிற மழையில் வெள்ளை மதில்காரர்கள் அவருக்கு ஒரு குடை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் மதிலிலிருந்து மறுநாளே புகார்க் கடிதம் வந்தது. அலுவலகத்தில் மூன்று பெரிய அதிகாரிகள் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். முடிவில், மண்டையைப் பிளக்கும் வெயிலில் அண்ணன் மஞ்சள் மதிலுக்குப் போய் ஒரு குடையை இரவல் வாங்கி, விரித்துப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து, அடுத்த நாள் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு அதில் பெருமைதான்.

அந்தத் தராசை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். மனிதர் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். நானும் அண்ணியும் ஜன்னல் திரைக்கு நீலமா பச்சையா என்று மல்லுக்கு நின்றால், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்பார். எனக்கு வந்த வரனை வேண்டாம் என்று சொல்லவா என்று கேட்டபோதும் அதே பதில்தான். "உன் இஷ்டம்மா, நீ யோசிச்சுச் சொல்லு." நான் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்க அண்ணன் இருக்காரே டீச்சரம்மா, கல்யாணத்தன்னிக்கு எங்க சொந்தக்காரங்களப் பாத்து எத்தனை தடவை சிரிச்சாரோ அத்தனை தடவை உங்காளுங்களையும் பாத்துச் சிரிச்சாரு. நான் உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்பாள்.

அண்ணன் அதற்கும் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அண்ணி உண்டானாள். பார்க்காத டாக்டர் இல்லை, சாப்பிடாத மருந்து இல்லை என்று ஆன பிறகு வந்த பிள்ளை. ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது மஞ்சள் மதில்காரர்கள் வெள்ளை மதில்காரர்களின் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். இரண்டு பக்கமும் ஏவுகணைகளை எல்லைக்கு நகர்த்தினார்கள். வானொலியில் ஜன்னல் இடுக்குகளை ஈரத்துணியால் அடைக்கச் சொன்னார்கள், பதினைந்து நாளைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஈரத்துணியால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் எல்லா ஜன்னலையும் அடைத்தேன்.

அந்த ஏழு நாளும் அண்ணன் ஓய்வில்லாமல் தெருவைக் கடந்தார். ஒரு நாளைக்கு ஆறு உறை, எட்டு உறை. வீட்டுக்கு வந்தால் கால் வீங்கியிருக்கும். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே ஏதோ தெரியும் என்று நினைத்து அண்ணி தினமும் கேட்பாள்.

"என்னங்க, எப்படி இருக்கு?"

"ரெண்டு பக்கமும் டீ குடுக்கறதில்ல" என்பார்.

ஆறாவது நாள் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டியாகிவிட்டது. மலைப்பக்கம் அண்ணியின் தாய்வீடு இருந்தது. அங்கே காற்று அவ்வளவாக வராது என்று ஊரெல்லாம் பேச்சு. போகலாமா, இருக்கலாமா என்று அண்ணி அண்ணனைக் கேட்டாள். அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரே போகும்போது எப்படி இருப்பது என்றும் பயம்.

"போறதும் நல்லதுதான். இருக்கறதும் தப்பில்ல" என்றார் அண்ணன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அண்ணா, இது என்ன ஜன்னல் திரையா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க" என்றேன். அவர் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஏழாம் நாள் காலையில் அண்ணியும் நானும் பையைக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனோம். அவளுக்கு மனசே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். மலைப்பக்கம் போகிற பஸ்ஸில் நாலைந்து இடம்தான் பாக்கி. கடைசியாக ஒரு தடவை அவரைக் கேட்டுவிடுகிறேன் என்று அண்ணி பொதுத் தொலைபேசிக்குப் போனாள். வரிசையில் நின்று, அண்ணன் அலுவலகத்தைப் பிடித்தாள். மணி பத்தே முக்கால். எதிரிலேயே பெரிய கடிகாரம் இருந்தது.

"பஸ் கிளம்பப் போகுதுங்க. ஏறவா, வேணாமா?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு வைத்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"உன் இஷ்டம்னாரு."

நான் பையைத் தூக்கி பஸ்ஸுக்குள் போட்டேன். "ஏறு அண்ணி, யோசிச்சது போதும்" என்றேன். நான்தான் சொன்னேன். அண்ணனைத் திட்டும் இந்த வாய்தான் அதையும் சொன்னது.

பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. முன்னும் பின்னும் கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள். நல்ல வெயில். பதினொன்றரை மணிக்கு அண்ணிக்கு வலி எடுத்தது. டிரைவர் நல்ல மனிதர், வழி விடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். யார் எங்கே நகர்வது? பன்னிரண்டு மணிக்கு ஒரு லாரியின் வானொலியில் அறிவிப்பு வந்தது. இரண்டு நாடுகளும் ஒரே நேரத்தில் ஏவுகணைகளைத் திரும்பப் பெறச் சம்மதித்துவிட்டன, எங்கள் நாட்டின் முயற்சியால் ஆபத்து நீங்கியது என்று. ஜனங்கள் வண்டிகளிலிருந்து குதித்து இறங்கினார்கள். கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், ஆடினார்கள், ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அதுவரை கொஞ்சமாவது நகர்ந்த சாலை, அந்தக் கொண்டாட்டத்தில் அடியோடு அடைத்துக்கொண்டது. சாலையோரத்தில் இருந்த தண்ணீர் பம்பு அறையில் அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை. அந்த ஹாரன் சத்தத்தில் அழுதால் கேட்காது என்று நான் காதைக் கிட்டே வைத்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அண்ணிக்கு வேறு பிள்ளை தங்கவில்லை.

அண்ணி அண்ணனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான் சொல்ல வாயெடுத்தால் தடுத்துவிடுவாள். "பாவம், அவருக்கு என்ன தெரியும்? உறையைச் சுமக்கற மனுஷன். உள்ள இருக்கறது யாருக்குத் தெரியும்? நாட்டுல ஒருத்தருக்கும் தெரியல, அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்பாள். இதை அவள் எனக்காகச் சொன்னதில்லை. அவளுக்கே சொல்லிக்கொண்டாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பதினெட்டு வருடம் அவருக்குச் சோறு போட்டாள், சட்டை தேய்த்துக் கொடுத்தாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் விழித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். பிள்ளை போன துக்கம் என்று நான் நினைத்தேன்.

அண்ணன் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் விழா வைத்தார்கள். முன்வரிசையில் அண்ணியையும் என்னையும் உட்காரவைத்தார்கள். அண்ணி புதுப்புடவை கட்டியிருந்தாள். பழைய பெரிய அதிகாரி ஒருவர், அந்த ஏழு நாளும் பொறுப்பில் இருந்தவர், கைத்தடியோடு வந்து பேசினார். நன்றாகவே பேசினார்.

"எல்லாரும் அன்னிக்கு நாட்டைக் காப்பாத்தினது நான்னு சொல்றாங்க. எனக்கு முன்னாடி ஆபத்து நீங்கிடுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டவர் நம்ம தராசு. ஏழாம் நாள் காலைல பத்தே காலுக்கு மஞ்சள் மதிலிலிருந்து வெளிய வந்து என் காதுல சொன்னார், 'சார், டீ குடுத்தாங்க சார், உக்கார வச்சுக் குடுத்தாங்க'ன்னு. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்துச்சு. நேரா வெள்ளை மதிலுக்குப் போய் அங்கயும் குடிச்சிட்டு வந்தார். ரெண்டு பேரும் பன்னெண்டு மணிக்கு ஒண்ணா அறிவிக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னேன். விடலையே! பெத்த தாய் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்."

எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணியும் இரண்டு தட்டு தட்டினாள், பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி வைத்தார் அண்ணன். அப்போது அண்ணி கேட்டாள்.

"நான் போன் பண்ணப்ப உங்களுக்குத் தெரியும், இல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த அதிகாரிக்கு வயதாகிவிட்டது, நேரத்தை மாற்றிச் சொல்கிறார் என்றிருக்கலாம். நான் மனதுக்குள் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். வாழ்நாளில் முதல்முறையாக அண்ணன் நேராகப் பதில் சொன்னார்.

"தெரியும்."

"அரைமணி நேரம் முன்னாடியே."

"வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. பக்கத்துல ஆளுங்க இருந்தாங்க."

"ரகசியத்த யாரு கேட்டா? 'இரு'ன்னா போதும். பொண்டாட்டிகிட்ட 'வீட்ல இரு'ன்னு சொல்ற புருஷன எந்த நாட்டுக்காரன் வந்து ஏன்னு கேப்பான்?"

அண்ணன் வாயைத் திறந்தார். "வாய் வரைக்கும் வந்துச்சு. பழக்கமே இல்லையே" என்றார். அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணி அழவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்து சோறு போட்டாள்.

நாடு யார் பக்கமும் சாயாமல் நின்றதில் தப்பில்லை என்று இன்றைக்கும் வகுப்பில் சொல்கிறேன். சாய்ந்திருந்தால் காற்றைப் பற்றிப் பாடம் நடத்த நானே இருந்திருக்க மாட்டேன். ஆனால் அண்ணியைப் பார்க்கும்போது அந்த நியாயம் எதுவும் வாயில் வருவதில்லை. அன்றைக்கு நானாவது அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கலாம். டாக்டர் சொன்னது எனக்கும்தானே தெரியும்.

அண்ணி வீட்டைவிட்டுப் போகவில்லை, சண்டையும் போடவில்லை. அவரிடம் எதையும் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவரோ இப்போது எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்கிறார். பச்சைத் திரைதான் நல்லது, அந்த டாக்டர் வேண்டாம், இந்தக் கத்தரிக்காய் முற்றல். போன வாரம் அண்ணி பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

நாற்காலியிலிருந்து அண்ணன் சொன்னார். "வெயில் கொளுத்துது. போகாத. இரு."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.