கார் முகத்தில் கட்டிய பட்டு

"இந்த வெக்கையில என்னால ஆவாதுடா. அடுத்த வாரத்திலேந்து நான் வர்ல" என்று அம்மா மூன்றாவது முறையாகச் சொன்னபோது, நாங்கள் வேலூரிலிருந்து ஆரணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பங்குனி முடியவில்லை. சித்திரை வெயில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். நிறுத்தினால் சில வாரங்கள்தான் என்று டாக்டர் அவளை எதிரில் வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். தாகம் எடுத்தாலும் அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும். அப்படிப்பட்டவளைச் சூடான வண்டியில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் கூட்டிப்போவதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஏசி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினேன். அது செய்யப்பட்ட காலத்து கேஸ் இப்போது கிடைப்பதில்லை என்று, முன்பு வைத்திருந்தவர் புது கேஸுக்கு மாற்றியிருந்தார். மார்கழியில் ஓட்டிப் பார்த்தேன், ஜிலுஜிலுவென்று இருந்தது. மார்கழியில் எங்கள் ஊரில் எந்த வண்டியும் ஜிலுஜிலுவென்றுதான் இருக்கும் என்பது எனக்கு மாசி கடைசியில்தான் உறைத்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நேராக ஏசி மெக்கானிக் பாயிடம் போய், "புது கேஸ் சரியில்ல பாய்" என்றேன். அவர் பார்க்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள், "பார்க்க நேரமில்ல, கேஸ் ஏத்துங்க, ஜல்தி" என்றேன். ஏற்றினார். பத்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன். "புது கேஸ் பழசவிட கம்மியாத்தான் புடிக்கும் தம்பி. ஜாஸ்தி போட்டா கூலிங் இன்னும் கொறையும்" என்றார். காசு கொடுக்கிறவன் நான், ஏற்றுங்கள் என்றேன். அவர் சொன்னபடியே குறைந்தது. அதற்கும் அவரையே திட்டினேன்.

அம்மா மூன்றாவது முறை சொன்ன அன்றைக்கு மறுநாள், வண்டியை பாய் பட்டறையில் விட்டுவிட்டு, "உங்க இஷ்டம் போல பாருங்க, நான் பேசல" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முதலில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நின்னுகினு இருக்கும்போது கூலிங் கொறையறது சகஜம். ஓட்னா நல்லா வரணும். இது ஓட்னாலும் வர்ல. இன்ஜின் சூட்ட காட்ற முள்ளு வேற ஏறுது. எங்கியோ காத்து அடைக்குது தம்பி."

வண்டியின் முன்பக்கக் கம்பி ஜாலியைக் கழற்றினார். உள்ளே கையை விட்டவர், கறுத்துப்போன ஒரு துணியை உருவி எடுத்துத் தூக்கிப் பிடித்தார். பார்த்ததும் என் காது சூடாகிவிட்டது.

கட்டியவன் நான்தான். பொங்கல் முடிந்து அறுவடை நேரத்தில், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று எங்கள் பக்கத்து ரோடுகளில் உளுந்துச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் பரப்பிவிடுவார்கள். அந்தத் தூசும் சருகும் ஏசி கேஸைக் குளிரவைக்கும் முன் வலையில் போய் அப்பிக்கொள்ளும் என்று பயந்தேன். கொசுவலை போதுமா என்று யோசித்து, அதில் தூசு நுழையும் என்று தள்ளிவிட்டேன். வீட்டில் ஜரிகையில்லாத பட்டுத் துண்டு ஒன்று கிடந்தது, அம்மா நெய்தது. பட்டு மெல்லியது, காற்று போகும், தூசு போகாது என்று நாலு மூலையிலும் பட்டு நூலாலேயே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கட்டிவிட்டு இரண்டடி பின்னால் நின்று ரசித்தேன்.

தினமும் கடையில் உட்கார்ந்து, "எங்க வீட்டு நெசவுல தண்ணி ஊத்தினாக்கூட ஒழுவாதுங்க" என்று புடவை விற்கிறவன் நான். அதே நெசவைக் காற்று போகிற இடத்தில் கட்டியிருக்கிறேன். என்னைத் தவிர வேறு எவன் இந்த வேலையைச் செய்வான்?

பாய் சிரிக்கவில்லை. அது எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. "புது கேஸுக்கு முன்னாடி வலையில நல்லா காத்து படணும், அது இல்லாங்காட்டி ஒண்ணும் ஆவாது" என்று மட்டும் சொன்னார். வலையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கூடுதலாக ஏற்றிய கேஸை இறக்கி அளவாக வைத்தார். காற்று ஒதுங்கிப் போகாதபடி ஓரத்துச் சந்துகளில் ஸ்பாஞ்ச் ஒட்டி, முன்னால் ஒரு ஃபேனும் பொருத்தினார். அவரைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். டீ சொல்லச் சொன்னார்.

அடுத்த நடையில், கண்ணமங்கலம் வருவதற்குள் வண்டி ஜில்லிட்டுவிட்டது. அம்மா சிரிப்பாள் என்று துணிக் கதையைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நீ கட்றப்பவே பார்த்தேன். நான் நெய்ஞ்ச துணியில காத்து பூராதுன்னு எனக்குத் தெரியாதா?"

வண்டியை ஓரம் கட்டினேன். கோபத்தோடு திரும்பினேன். "அப்புறம் ஏம்மா சொல்லல? இத்தினி நாளு வெந்துகினே வந்தியா?"

"ஆஸ்பத்திரி போதும்னு சொன்னா நீ கேப்பியா? வாரத்துல ரெண்டு நாள் கடைய சாத்திகினு என் பின்னாடி அலையற. வெக்கை தாங்கலன்னு சொன்னா நீயே வுட்டுடுவன்னு பார்த்தேன். நீ போய் ரிப்பேர் பண்ணிட்ட."

எனக்குக் கோபம் வந்த வழியே இறங்கிப்போய், அந்த இடத்தில் பயம் வந்தது. வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. வண்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே விட்டேன். நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் எத்தனை நாள் இந்த பெஞ்சு எனக்குக் கிடைக்கும் என்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது சாயங்கால வெயில் வலப்பக்க ஜன்னலில் அடித்தது. அம்மா பின் சீட்டில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் கொறைடா, குளுருது" என்றாள்.

ஏசியைக் குறைத்தேன். இனி வராமலிருக்கக் குளிரைச் சாக்காகச் சொல்வாளோ என்று காத்திருந்தேன். அவள் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அடுத்த வாட்டி ஒரு போர்வை எடுத்து வையி" என்றாள்.