டீசன்ட் ஃபேமிலி

மயிலாப்பூரில் டில்லிபாபு குடிவைக்காத வீடே கிடையாது. தெப்பக்குளத்துக் காக்கைகளுக்கு மரம் பார்த்துக் கொடுத்ததும் அவன்தான். சரி, காக்கை விஷயம் கொஞ்சம் அதிகம். ஆனால் மந்தைவெளியிலிருந்து லஸ் வரை எந்த மாடி எப்போது காலியாகும் என்பது வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுப் புரோக்கருக்கு முதல் என்பது ஒரு பழைய ஸ்கூட்டரும் ஒரு சொல்லும்தான். "டீசன்ட் ஃபேமிலி மாமி." டீசன்ட் என்ற சொல் லத்தீனில் பிறந்தபோது பொருத்தமானது என்பதுதான் அதற்கு அர்த்தம். வெள்ளைக்காரன் நன்னடத்தைக்கும் அதைச் சொன்னான், பரவாயில்லாத சாப்பாட்டுக்கும் அதையே சொன்னான். மயிலாப்பூருக்கு வந்ததும் அது வாடகை வீட்டு கேட்டில் வாட்ச்மேனாக நின்றுவிட்டது. இன்னார் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல எந்த வீட்டுக்காரருக்கும் மனம் வராது. "டீசன்ட்டா வேற யாராவது பாருங்கோ" என்பார்கள். அதை, "அட்வான்ஸ் ஆயிடுச்சு சார்" என்று மாற்றிக் கொண்டுபோய்ச் சொல்வது டில்லிபாபுவின் வேலை.

அவன் குடும்பத்தை அரசாங்கம் அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பெயர்த்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வைத்த பிறகு, அவன் மகள் மயிலாப்பூர்க் கல்லூரிக்கு பஸ் மாறி மாறிப் போய் வந்தாள். முடியவில்லை, படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று போன வாரம் சொல்லிவிட்டாள். மறுநாளே டில்லிபாபு, வைதேகி மாமியின் காலி மாடியைத் தனக்கே கேட்டான். வாடகையில் பேரம் பேசவில்லை. மாமி காபி கொடுத்தாள். "ஆத்துல கலந்துண்டு சொல்றேன் டில்லி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, மனைவி பொன்மணியோடு பஸ்ஸில் போகும்போது மாமியின் போன் வந்தது.

"டில்லி, மாடிக்கு டீசன்ட்டா ஒரு ஃபேமிலி இருந்தா பாரேன்."

அவன் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சொல்லுக்கு அவனுக்கு யாரும் உரை எழுதத் தேவையில்லை. "பார்க்கறேன் மாமி" என்றான்.

"இன்னாவாம்?" என்றாள் பொன்மணி.

"மாடிக்கு ஆள் வந்துட்டாங்களாம்."

மகளிடம் என்ன சொல்வது என்று யோசிக்கப் போனவனுக்கு மெஹபூப் அலிதான் ஞாபகம் வந்தார். ராயப்பேட்டைத் தையல்காரர். போன வருஷம் இதே மாடியை அவருக்குக் கேட்டு, மாமி வேறு ஆள் பார்க்கச் சொன்னதும், அவர் கடைக்குப் போய்த் துணிகளைப் பார்த்தபடியே, "அட்வான்ஸ் ஆயிடுச்சு பாய்" என்றவன் இவன். அவர் வரவழைத்த டீயையும் குடித்துவிட்டு வந்தான். நல்ல மனுஷங்க மாமி என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கலாம். சொல்லவில்லை.

"பாய்கிட்ட அன்னிக்குப் பொய் சொன்னேன்டி" என்றான். "நல்லவேளை, நம்பிட்டாரு. மனசு நோவாம போச்சு."

"எங்க நம்புனாரு" என்றாள் பொன்மணி. "நீ வாயத் தொறக்கறதுக்கு மின்னயே தெரிஞ்சுபோச்சாம். அவரு சம்சாரம் அஸ்மத்துன்னிசாக்கா அப்பவே சொல்லிச்சு. சொல்ல முடியாம நீ தவிச்சுக்கினு நின்னத பார்த்துட்டுத்தான் டீ சொன்னாராம்."