மருதோன்றி இடாத ஒரு நகம்

சகோதரிகளே, இதை எழுதும்போது உள்ளே போய் வெளியே வருகிற மூச்சு அல்லாஹ் தந்தது. அவனுக்கே புகழ். ஒரு காலம் அது என்னிடம் இல்லாமல் இருந்தது.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம். நாங்கள் அகதியாய் ஒதுங்கிய கரைத்தீவில் எங்கள் வாசலிலிருந்து கிணற்றடிக்குப் பதினாறு எட்டு நடை. ஏழாவது எட்டில் நின்றுவிடுவேன். ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தால் நெஞ்சு அடைக்கும். கதிரையில் உட்கார்ந்து தொழுதேன். அழுதேன்.

புகை தின்ற நெஞ்சு இது. மன்னாரிலிருந்து எங்களை விரட்டிய தொண்ணூறாம் ஆண்டிலிருந்து ஓலைக் கிடுகுக் குடிசைக்குள் தேங்காய்ப் பொச்சும் ஈர விறகும் ஊதி ஊதிச் சமைத்தேன். வரும்போது கையில் இருந்தது ஒரு முழ மருதோன்றிக் கம்பு. அகதி முகாமின் உப்பு மண்ணில் ஊன்றினேன். வேர் பிடித்தது. அந்த இலையை அரைக்கும்போதெல்லாம் எங்கள் பழைய முற்றமும், கழுதைகள் நிற்கும் தெருவும், பெருநாள் காலைக் கடற்காற்றும் என்னைச் சுற்றி வந்து உட்காரும்.

யுத்தம் முடிந்த அந்த மூன்றாம் வருடம் என் நகங்கள் நீலம் பாரித்தன. யாருக்கும் சொல்லவில்லை. மன்னாரில் இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட என் கணவர் கிளம்பிக்கொண்டிருந்தார். தெரிந்தால் போகமாட்டார். மருதோன்றி அரைத்துப் பத்து நகத்துக்கும் அப்பினேன். சிவப்பு மங்கினால் மறுபடியும். பெருநாள் இல்லாத மாதத்திலும்.

"என்ன புள்ள, புதுப்பொண்ணா?" என்பார் கணவர்.

"ஓம், மாப்பிள்ளை பாருங்க."

எனக்கு மூச்சு வாங்கும். சிரிப்பில் வாங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். கிளினிக்கிலும் முட்டு, வெறும் இழுப்பு நோய் என்று மருந்து தந்தார்கள். என் விரலைப் பார்த்தவர்களுக்குச் சிவப்புத்தான் தெரிந்தது.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் கையேந்தினேன். "யா அல்லாஹ், ஒருக்கா எங்கட மன்னார் வூட்டு முத்தத்தில நிண்டு மூச்சு விடணும். வேற ஒண்டும் கேக்கல்ல." ஏந்திய கையைப் பார்த்தேன். அவனுக்கு முன்னாலும் சாயம் பூசிய விரல்கள். வெட்கமாகிவிட்டது. "நான் மறைச்சத நீ திற" என்றேன்.

மறுநாள் கிணற்றடியில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சிங்களத் தாதி மிஸ்ஸி ஒருத்தி, இரத்தத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்கும் சிறு கவ்வியை என் விரலில் மாட்டினா. எண் வந்தது, ஓடியது, நிற்கவில்லை. நகத்தைப் பார்த்துச் சிரித்தா.

"அம்மா, கலியாணமா? சாயம் மறைக்கும், விரல் வேணாம். காது தாங்க."

காதில் எண் நின்றது. அவவின் சிரிப்பும் நின்றது.

டொக்டர் ஆறுதலாக விளக்கினார். நுரையீரலின் காற்றுப் பைகள் மட்டுமல்ல, அவற்றைச் சுற்றிப் பின்னிய மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களும் புகையால் பழுதாம். உள்ளே வருகிற காற்றை அள்ளிக்கொள்ள இரத்தத்துக்கு வழி குறைந்துவிட்டதாம். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்.

கணவர் கட்டிலருகில் நின்றார். "ஏன் புள்ள மறைச்ச?"

"சொன்னா வூடு கட்டப் போகமாட்டீங்க."

"நீ இல்லாத வூட்டுல நானும் கழுதையுமா இருக்கிற?"

சிரித்துக்கொண்டே அழுதார். வீட்டுக்கு வந்ததும் விறகடுப்பை அவரே உடைத்தார். பள்ளிவாசல் ஜமாஅத் மூச்சுக்கு ஒட்சிசன் தரும் இயந்திரம் ஒன்றை இரவல் தந்தது. ஒவ்வோர் எட்டாக நடை பழகினேன். அடுத்த வருடம் சிலிண்டரோடு வேனில் போய், மன்னாரில் எங்கள் முற்றத்தில் நின்றேன். சுவர் இல்லை. காற்று இருந்தது. இழுத்தேன். உள்ளே போனது.

சகோதரிகளே, நோவை மூடிக்கொண்டு துஆக் கேட்காதீர்கள். அவனிடம் காட்டுங்கள். அவன் அனுப்புகிறவர்களிடமும் காட்டுங்கள். கேட்டுப் பாருங்கள், தருவான்.

பெருநாளுக்கு இன்றும் மருதோன்றி இடுகிறேன், ஒன்பது நகத்துக்கு. வலது கைச் சுட்டுவிரலை வெறுமையாக விடுகிறேன். கவ்வி மாட்டும் விரல் அது. தொழுகையில் கலிமா சொல்லும்போது நான் உயர்த்துவதும் அதைத்தான்.