கவுஸ் பாஷாவின் அம்புக்குறிகள்

பென்னாகரம் பேருந்து நிலையத்தில் நின்றபடியே, ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுகிறவரின் சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும் கண் எனக்கு, இந்தக் கிழ வயதிலும். கொஞ்சம் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். நடுவில் ஒரு மலையே இருக்கிறது. ஆனால் கவுஸ் பாஷாவின் மூக்குக்கண்ணாடிக் கடை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் தன்மேலேயே சந்தேகம் வந்துவிடும். கனத்த வட்டச் சட்டம் ஒன்றை மூக்கின்மேல் ஏற்றுவார். அதில் ஒரு லென்ஸைச் செருகுவார், எடுப்பார், இன்னொன்றைச் செருகுவார்.

“ஆயா, இதுவா, அதுவா?”

“இது.”

“செரி. இப்ப இதுவா, மொதல்ல இருந்ததா?”

“மொதல்ல இருந்தது.”

“அது இத வுட எவ்ளோ நல்லாருக்குது? ஒண்ணுலருந்து ஒம்போது வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க.”

மற்ற கண்ணாடிக் கடைக்காரர்கள் இரண்டாவது கேள்வியோடு நிறுத்திக்கொண்டு பில் போடுவார்கள். மூன்றாவது கேள்வி கவுஸ் பாஷாவின் சொந்தச் சேர்க்கை. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தவர்கள் இந்தத் தாலுகாவில் பாதிப் பேர். மீதிப் பேருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

மெலிந்த ஆள். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று மூன்று மார்க்கர் பேனாக்கள். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவருடைய கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டப்பட்டிருக்கும். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியைப் பொட்டலம் பொட்டலமாக விற்றுவிட்டுத் தன்னுடையதை லுங்கி நுனியில் துடைத்துக்கொள்வார்.

அந்த மூன்றாவது கேள்வி அவருக்கு மகள் வழியாக வந்த சீதனம். அன்ஜும் சேலத்தில் எம்.பி.ஏ. படித்தபோது, பல காரணங்களை எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பதைப் பற்றி ஆய்வறிக்கை எழுதினாள். அதைச் சத்தம்போட்டு ஒப்பித்துப் பார்க்க அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள் அப்பா. காரணங்களை வரிசையாக எழுது. இரண்டிரண்டாக எடுத்து எது பெரிது, எத்தனை மடங்கு பெரிது என்று கேள். அந்த எடைப்படி மதிப்பெண் போடு. அதிகம் வாங்கியதைத் தேர்ந்தெடு. அன்ஜும் பாஸ் பண்ணிவிட்டுக் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். கவுஸ் பாஷா மாட்டிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் இதுவா அதுவா என்று கேட்டு வந்த மனிதருக்கு, அந்தக் கேள்விக்கு ஒரு சாஸ்திரமே இருக்கிறது என்று தெரிந்தால் சும்மா இருப்பாரா? எழுத்து அட்டை தொங்குகிற சுவரிலேயே பெரிய வெள்ளைப் பலகை ஒன்றை ஆணியடித்து மாட்டினார்.

முதல் பலி, வண்டி. ஸ்கூட்டரா மொபெட்டா என்று பலகையில் ஏற்றினார். மைலேஜ் ஒரு கட்டம், பெட்ரோல் செலவு ஒரு கட்டம், சிக்கனம் ஒரு கட்டம். மொபெட் அபார வெற்றி. வீட்டுக்கு வந்த பிறகுதான், பின்னால் அவர் மனைவி அக்தர் பேகம் உட்கார்ந்தால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்புகிறது என்று தெரிந்தது. (எழும்பவில்லை, எழும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏற்றத்தில் அவள் இறங்கி நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.)

போனில் அன்ஜும் சிரித்த சிரிப்பு எதிர்க் கடை வரைக்கும் கேட்டது. “அப்பா, அந்த மூணும் ஒண்ணுதான்! ஒரே ஆளு மூணு தடவ ஓட்டுப் போட்டுட்டான். ஒரு காரணத்த இன்னொரு காரணம் இழுக்கும்ப்பா. எது எதோட ஒட்டிக்கிட்டு இருக்குதுன்னு மொதல்ல அம்புக்குறி போடணும்.”

அம்புக்குறி என்ற சொல்லை அந்தப் பெண் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து பலகையில் கட்டங்கள் போய், வட்டங்களும் அம்புகளும் வந்தன. வாங்குவது செந்தூரா மாம்பழமா, பெங்களூரா மாம்பழமா என்பதிலிருந்து, மழைக்காலத்தில் மாடியில் துணி காயவைக்கலாமா என்பது வரைக்கும் எல்லாவற்றுக்கும் வலை பின்னினார். செந்தூராவின் விலை வெயிலைப் பொறுத்தது, துணி காய்வதும் வெயிலைப் பொறுத்தது என்று போய்க்கொண்டிருக்கும்போது பழக்காரர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார். எனக்கு நல்ல பொழுதுபோக்கு. கண்ணில் ஒரு குறையும் இல்லாதபோதே நான் அங்கே போய் உட்கார்ந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

வேடிக்கை, அவருடைய வலது கண்ணில் புரை விழும் வரைக்கும்தான்.

தெருவிளக்கைச் சுற்றி மாலை தெரிகிறது என்று அவரே சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார். கறுப்பு மணி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்விட்ட பால்போல ஒன்று இருந்தது. இது என்ன, விட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வருகிற கிழவிகளின் கண்ணைப் பார்த்துவிட்டு, “புரை முத்துனா ஆப்ரேசன் கஷ்டமாயிரும். நாளைக்கே போயிடும்மா” என்று ஒரு நிமிஷத்தில் முடிவு சொல்லி அனுப்புகிறவர். அவர்களுக்கு வட்டமும் கிடையாது, அம்பும் கிடையாது. தன் கண் என்று வந்ததும் பலகை முழுக்கத் துடைத்துவிட்டு, மேலே தருமபுரி, சேலம், பெங்களூர் என்று மூன்று ஊர் எழுதினார்.

பெங்களூர் என்றால் மகள் வீடு. மகள் வீடு என்றால் சம்பந்தி வீட்டுச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் ஆப்ரேஷன் செய்ய மாட்டார்கள். சர்க்கரை இறங்க அக்தர் பேகம் சமைக்க வேண்டும். அவள் கூட வந்தால் கடையைப் பூட்ட வேண்டும். பூட்டினால் கவலை. கவலைப்பட்டால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினாலும் ஆப்ரேஷன் செய்ய மாட்டார்கள். சேலத்துக்கும் தருமபுரிக்கும் இதே சுற்று, பஸ் மட்டும் வேறு.

“பாரு அக்தரு, எல்லா அம்பும் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வருது. இதுக்குப் பேருதான் நெட்ஒர்க்கு.”

“எங்க ஊர்ல இதுக்குப் பேரு செக்கு” என்றாள் அக்தர் பேகம்.

அவள் பலகையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஆயா, இத்தன அம்புல ஒண்ணாச்சும் கண்ணுக்குப் போவுதா பாருங்க.” பார்த்தேன். போகவில்லை. கண் என்று ஒரு வட்டமே அதில் இல்லை.

தொழுகையையும் ஒரு வட்டமாக்கினார். ஆப்ரேஷனுக்குப் பிறகு முகத்தில் தண்ணீர் படக் கூடாது, தலையைக் குனியக் கூடாது. ரமலான் வேறு நெருங்குகிறது. பெரிய தடை கிடைத்துவிட்ட மகிழ்ச்சியோடு பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டார். அவர் இரக்கமில்லாமல், “நாற்காலில உக்காந்து தொழுங்க. தண்ணிக்குப் பதிலா மண்ணத் தொட்டுச் சுத்தம் பண்ணிக்கலாம். மொதல்ல கண்ணப் பாருங்க பாய்” என்று சொல்லிவிட்டார். கவுஸ் பாஷா முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார். நல்ல அம்புக்குறி ஒன்று அநியாயமாகச் செத்துப்போனது. அந்த இடத்தில், ‘மழைக்காலம்’ என்று எழுதிக்கொண்டார்.

அன்ஜும் தினமும் போனில் கெஞ்சினாள். “அப்பா, எத்தன அம்பு இருந்தாலும் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டா ஒரு எடத்துல நின்னுரும். அந்த எடந்தான் முடிவு.”

“போட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கறேன். இன்னும் நிக்கல.”

நிற்காமல் போனது கணக்கு மட்டும் அல்ல. ஒரு நாள் மத்தியானம், தருமபுரி–ஒகேனக்கல் அரசுப் பேருந்தை ஓட்டுகிற தீர்த்தகிரி, காக்கிச் சட்டையோடு கடைக்குள் வந்தார். கையில் கவுஸ் பாஷா புதிதாகச் செய்துகொடுத்த கண்ணாடி. மூக்கில் பழைய கண்ணாடி.

“பாய், கணவாய்ல எதிர்ல ஒரு லாரி வருதுங்க. உங்க கண்ணாடிய மாட்டுனா ரெண்டு லாரி வருது. எதுக்கு நான் ஒதுங்கறது?”

கவுஸ் பாஷாவின் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது: “ரெண்டுல எது தெளிவா இருக்குது?”

“ஏங்க, வண்டி நெறைய சனம் உக்காந்திருக்குதுங்க!”

கண்ணாடியில் லென்ஸின் நடுப்புள்ளி, கண்மணிக்கு நேராக நிற்க வேண்டும். அதற்காக இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சின்ன அளவுகோலை மூக்கின்மேல் வைத்து அளப்பார்கள். அளக்கிறவர் ஒரு முனையை இடது கண்ணாலும் மறுமுனையை வலது கண்ணாலும் பார்த்தாக வேண்டும். கவுஸ் பாஷா தீர்த்தகிரியை உட்காரவைத்து மறுபடி அளந்தார். ஓர் எண் வந்தது. சந்தேகத்தில் இன்னொரு முறை அளந்தார். வேறு எண் வந்தது. மூன்றாவது முறை அளவுகோலைத் தூக்கியவர், அளக்காமலே கீழே வைத்துவிட்டார். அளவுகோலின் கோடுகள் அவருடைய வலது கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அந்தக் கடையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதாவது மனிதர் பஸ் ஏறுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து பலகைக்குப் போனார். சிவப்புப் பேனாவைத் திறந்து ஒரு மூலையில், ‘கடைப் பேர்’ என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தார்.

அக்தர் பேகம் கையிலிருந்த டீ டம்ளரை வைத்தாள். “இப்பிடி வந்து உக்காருங்க” என்றாள். அவர் பேனாவை மூடிக்கொண்டு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டம் மாட்டும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்கெல்லாம் அவர் வைத்திருக்கிற விதி. அவரும் மூடிக்கொண்டார். அவள் சட்டத்தை மாட்டி, நல்ல கண் இருக்கும் இடது பக்கத்தில் கறுப்புத் தகட்டைச் செருகினாள். பிறகு, “சொல்ற வரைக்கும் தொறக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் பலகை பக்கம் போய் ஒரு காரியம் செய்தாள். நானும் தீர்த்தகிரியும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இப்ப தொறங்க. அட்டையப் படிங்க.”

கடகடவென்று கடைசி வரி வரைக்கும் படித்தார். முப்பது வருஷம் பார்த்த எழுத்து அட்டை, தூக்கத்திலும் படிப்பார்.

“அட்டை போதும். பலகையப் படிங்க.”

“அதுக்கென்னா” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். “மேல மூணு ஊரு. கீழ சர்க்கர. அங்கருந்து ஒரு நீல அம்பு சாப்பாட்டுக்குப் போவுது. சாப்பாட்டுலருந்து உனக்கு. உங்கிட்டருந்து கடைக்கு. இந்த மூலையில செவப்புல கடைப் பேரு…”

பலகை வெள்ளை வெளேரென்று இருந்தது. துடைத்த துணி அக்தர் பேகத்தின் கையில் இருந்தது.

தீர்த்தகிரிதான் தாங்க முடியாமல் சொன்னார். “பாய்… பலகையில ஒண்ணுமே இல்லீங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது.

“தொடச்சிட்டியா அக்தரு?”

“தொடச்சிட்டேன்.”

சட்டத்தைத் தானே கழற்றினார். அதை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார். “கத்தி வெக்கறப்ப கண்ணு தொறந்தே இருக்குமாமே?”

இத்தனை அம்பும் கிளம்பியது எந்த வட்டத்திலிருந்து என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை அவர் பலகையில் எழுதவே இல்லை.

“இருக்கும்” என்றாள் அக்தர் பேகம். “வெளிய உக்காந்து நானும் தொறந்துதான் வெச்சிருப்பேன்.”

எந்த ஊர் என்பதைக் கடைசியில் தீர்மானித்தது தீர்த்தகிரியின் டியூட்டி. மறுநாள் காலை தருமபுரிக்குப் போகிற வண்டி அவருடையது. கடை வாசலிலேயே நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், நிறுத்தினார். சேலத்துக்குப் போகிற வண்டி அவருடையதாக இருந்திருந்தால் சேலம். எம்.பி.ஏ. படித்த மகளிடம் இதை யாரும் சொல்லவில்லை.

இப்போது கவுஸ் பாஷா கறுப்புக் கண்ணாடியோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். தீர்த்தகிரிக்குப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தாயிற்று. கணவாயில் ஒரு லாரிக்கு ஒரு லாரிதான் வருகிறதாம். பலகையில், ‘இன்னொரு கண்’ என்று ஒரு வட்டம் வந்திருக்கிறது. அதிலிருந்து அம்பு எதுவும் இன்னும் கிளம்பவில்லை. அக்தர் பேகம் துணியை ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறாள்.

இதுவரை எழுதியதை அவர்கள் இரண்டு பேருக்கும் கடையிலேயே வாசித்துக் காட்டினேன். பேருந்து ஏறுகிற இடத்தை அப்போது அதில் இப்படி எழுதியிருந்தேன்: ‘பேருந்து வந்து நின்றது. கவுஸ் பாஷா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சிங்கம்போல் நிமிர்ந்து, யார் துணையும் இல்லாமல் படியேறினார்.’

“நல்லாருக்குது ஆயா. அப்டியே போட்ருங்க” என்றார் கவுஸ் பாஷா.

“பொய்யி” என்றாள் அக்தர் பேகம். “படியேறறப்ப எங் கையப் புடிச்ச மனுசன் தருமபுரி வர்ற வரைக்கும் வுடவே இல்ல. கண்டக்டரு வந்தப்ப எடது கையாலதான் நான் பர்ஸத் தொறந்தேன்.”