பைதான் தேர்வும் மோட்டார் சுவிட்சும்

முதல் தடவை அந்தத் தேர்வு எழுதிய அன்று என் அறைத்தோழனை அடித்தேன். வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதும் பைதான் சான்றிதழ் தேர்வு அது. அறையில் வேறு ஆள் தெரிந்தால் உடனே ரத்து. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் தூக்கக் கலக்கத்தில் கைலியைத் தேடிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்து நின்றான். தேர்வு ரத்தானதும் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். நெற்றி புடைத்துக்கொண்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னொன்று வைக்கலாம் என்றுதான் கை பரபரத்தது.

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் நான் காண்ட்ராக்ட் ஆள். அந்த மாதத்தோடு காண்ட்ராக்ட் முடிகிறது. சான்றிதழ் இருந்தால் ரோபோ புரோகிராமிங் பிரிவில் எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மிச்சமிருந்தது ஒரே ஒரு மறுதேர்வு.

இந்த முறை வாசலில் காவல் நிற்பதாக அறைத்தோழனே சொன்னான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். மூன்று வருடமாக ஒரே பாயில் நான் இரவும் அவன் பகலுமாகத் தூங்கினோம். ஜன்னலில் பேப்பர் ஒட்டினோம், இரண்டு போனில் ஹாட்ஸ்பாட் வைத்தோம், ஃபேனைக்கூட நிறுத்தினோம். ஒன்றை மறந்தோம். வீட்டுக்காரரின் தண்ணீர் டேங்குக்கான மோட்டார் சுவிட்ச் எங்கள் அறைக்குள் இருந்தது. தினமும் காலையில் கீழேயிருந்து குரல் வரும், அவன் தூக்கத்திலேயே கையை நீட்டிப் போட்டுவிடுவான். நானோ அந்த நேரத்தில் கம்பெனியில் இருப்பேன். அதனால் இருவருக்குமே அது உறைக்கவில்லை.

பாதித் தேர்வில் வீட்டுக்காரர் மகன் மாடிப்படி ஏறி வந்தான்.

"தலையில சோப்போட நிக்கிறேன், மோட்டார் போட இன்னாடா கேடு உனக்கு? தள்ளு."

"சத்தம் போடாதிய அண்ணாச்சி, உள்ள பரீட்ச நடக்கு. அரை மணி நேரம் பொறுங்க."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. பிறகு தலை கதவில் மோதியது, தாழ்ப்பாள் குலுங்கியது. மாடியில் கிடந்த இரும்புப் பைப்பை எடுத்துவிட்டான் என்று அடுத்த சத்தத்திலேயே தெரிந்தது. என் தோழனுக்கு லோடு ஏற்றும் உடம்பு. திருப்பி ஒன்று கொடுத்திருந்தால் அந்த ஆள் எழுந்திருக்க மாட்டான். ஆனால் கொடுக்கவில்லை. அம்மா என்றுகூடக் கத்தவில்லை. குரல் என் மைக்கில் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு அத்தனையும் வாங்கினான்.

நான் எழுந்திருக்கவில்லை. அது என்ன சத்தம் என்று கண்காணிப்பாளரிடமிருந்து திரையில் செய்தி வந்தது. பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடக்கிறது என்று டைப் செய்தேன். அடுத்த கேள்விக்குப் போனேன். வெளியே அடி தொடர்ந்தது. கடைசியில் கீழ்வீட்டுப் பெண்கள் ஓடிவந்து அந்த ஆளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

தேர்ச்சி என்று திரையில் வந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது கை தொங்கிக் கிடந்தது, சட்டையெல்லாம் ரத்தம். பாஸா என்று கேட்டான். தலையாட்டினேன்.

"சத்தம் உள்ள கேட்டுச்சாலே?"

கேட்கவே இல்லை என்றேன். அவன் முகம் மலர்ந்தது. "அப்பம் சரி" என்று உடைந்த பல்லைத் துப்பினான்.