அடிக்கோட்டுக்காரர்

அந்த அலுவலகத்தில் அவருக்கு அடிக்கோட்டுக்காரர் என்று பெயர். வைத்தவர்கள் எல்லாருமே அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். பஸ் டிக்கெட் பதிவுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி அது. புரோகிராமில் எதற்காவது ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் நடுவே இடம் விடக்கூடாது. கம்ப்யூட்டர் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். அதனால் சிலர் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போடுவார்கள். சிலர் ஒட்டி எழுதி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்குவார்கள். இதில் எது உசத்தி என்று சண்டை போட்டே தலை நரைத்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. நம்மவர் அதில் முதல் வரிசை.

"கண்ணுக்குன்னு ஒரு மரியாதை வேணாமா? கோடு போட்டா சொல்லு தனித்தனியா தெரியுது. ஒட்டி எழுதுனா கூட்ட பஸ்ஸுல நசுங்குற மாதிரி இருக்கு" என்பார். கம்பெனியின் விதியே அவர் போட்டதுதான். ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்ததை அப்படியே திருப்பி அனுப்பினார். அவள் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்து எல்லாவற்றையும் மாற்றினாள். இப்போது அவள்தான் குழுத் தலைவி. அவளுக்காக மேலிடத்தில் சிபாரிசு செய்தவரும் இதே மனிதர்தான், ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

அப்புறம் கண் போக ஆரம்பித்தது. பார்க்கிற இடத்தின் நட்டநடுவில் புகைமூட்டம். ஓரங்கள் மட்டும் ஏதோ தெரிந்தன. டாக்டர் மழுப்பவில்லை. "இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம். போனது வராது" என்றார். வீடு வந்து சேரும் வரை மனைவி அவர் கையை விடவே இல்லை.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா?"

போன வருடம் மணிக்கட்டு வலி வந்த ஒருவரை, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று முகம் நிறையச் சிரிப்போடு அனுப்பிவைத்தார்கள். அவர் நாற்காலியில் இப்போது வேறு ஆள். அது அவளுக்கும் தெரியும்.

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டார். காதில் இயர்போன். "அண்ணனுக்கு இந்த வயசுல பாட்டு கேக்குது பாருடா" என்று பின்னால் கிண்டல். பாட்டா அது? "லாஸ்ட் அண்டர்ஸ்கோர் பஸ் அண்டர்ஸ்கோர் டைம்" என்று, புள்ளி, அடைப்புக்குறி ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போகும் இரும்புக் குரல். பிடிவாதம் பிடித்து அவர் போடவைத்த அடிக்கோடுகள் எல்லாம் வரிசையாக வந்து காதில் விழுந்தன. வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோனது. ஒருநாள், வெளியாள் ஒருவர் பெரிய எழுத்தில் எழுதிய பக்கம் கைக்கு வந்தது. "லாஸ்ட் பஸ் டைம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இவ்வளவு கத்தியது இதற்குத்தானா என்று இருந்தது.

வேலை பிந்தியது. இப்படியே போனால் மாட்டிக்கொள்வோம் என்று புரிந்தது. விதி மாறினால் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அதை அவர்தான் கேட்க வேண்டும்.

வாரக் கூட்டத்தில் கேட்டார். அன்றைக்கென்று மேலாளரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இனிமே அடிக்கோடு வேணாம். பெரிய எழுத்துக்கே மாறிடலாம்."

அறையே கொல்லென்று சிரித்தது.

"சார், நீங்களா சொல்றீங்க? என்னாச்சு உங்களுக்கு?" என்றாள் தலைவி.

"காலத்துக்கு ஏத்தபடி மாற வேணாமாம்மா?" என்று அசடு வழிந்தார்.

அவள் சிரிப்பு நின்றது. "சரி. சார் சும்மா கேக்க மாட்டாரு. மாத்தலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

அவருக்கு எதிரே பெரிய ஜன்னல். வெளிச்சத்தில் ஆட்கள் எல்லாம் கறுப்புத் திட்டுகளாகக் கரைந்து கிடந்தார்கள். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. எத்தனை பேரை எத்தனை பேச்சு பேசியிருக்கிறோம், இவர்கள் ஏன் நமக்காகக் கை தூக்க வேண்டும் என்று நினைத்தார்.

"பரவாயில்லம்மா" என்றார். "ஒருத்தருக்குக்கூட இஷ்டமில்லன்னா விட்டுடலாம். பழையபடியே இருக்கட்டும்."

நாற்காலி ஒன்று நகர்ந்தது. தலைவி வந்து அவர் தோளருகே குனிந்தாள்.

"சார்... நாங்க எல்லாருமே கை தூக்கியிருக்கோம்."

மேசையின் அந்தக் கோடியிலிருந்து மேலாளர் கேட்டார்.

"எவ்வளவு நாளா?"