பூஜையில் வைத்த காது

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தேன். இரும்பு அலமாரிகள் செய்து, பெயின்ட் அடித்து அனுப்பும் இடம். மெஷின் ஓடும் வரை பராமரிப்புக்காரன் ஒருவன் இருப்பது யாருக்கும் நினைவு வராது; நின்றுவிட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். இயல்பிலேயே பயந்தவனான எனக்கு மிகவும் பொருத்தமான வேலை. மகள் பிறந்த பிறகு பயம் இரண்டு ஷிப்டாக ஓடத் தொடங்கியது. பகலில் மெஷின்களுக்காக, மாலையில் அவளுக்காக.

அந்த வருடம் கம்பெனி ஒரு அல்ட்ராசோனிக் கருவி வாங்கியது. தேவைப்பட்டு வாங்கவில்லை. தொழிற்சாலையைப் பார்க்க வந்த வாடிக்கையாளர் ஒருவர், “உங்களிடம் அது இல்லையா?” என்று வியந்துவிட்டார். பார்க்க டிரில் மெஷின் போல இருக்கும். முனையில் ஊசி போல ஒரு கம்பி, கூடவே ஹெட்போன். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மேலுறையில் கம்பியை வைத்தால், மனிதக் காதுக்கு எட்டாத உரசலை எட்டும் சத்தமாக மாற்றிக் கொடுக்கும். நலமாக இருக்கும் பேரிங், சின்னதாக எரியும் கேஸ் அடுப்பு போலச் சீறும். கிரீஸ் வற்றினால் தகரத்தில் மணலைத் தேய்ப்பது போலிருக்கும். கேட்டுக்கொண்டே கிரீஸை மெல்ல ஏற்ற வேண்டும். சத்தம் தணிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலே ஏற்றினால் பேரிங் அந்தக் கிரீஸையே கடைந்து கடைந்து சூடாகிவிடும்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனால், “டாக்டர் வந்துட்டாரு, ஊசி போடுவாரு, ஓடுங்கடா” என்பார்கள். வீட்டிலும் மிக்ஸி, சீலிங் ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தேன். “அடுத்து என் நெஞ்சுல வப்பீங்களா?” என்றாள் மனைவி. அந்த யோசனையும் எனக்கு இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் அன்று மெஷின்களுக்கும் விருந்து. கிரீஸ் கன்னை எடுத்து, ஓரத்தில் பிதுங்கி வழியும் வரை ஒவ்வொரு பேரிங்குக்கும் ஊட்டுவார்கள். வருடம் முழுக்க உழைத்ததே, பாவம், ஒருநாளாவது வயிறாரச் சாப்பிடட்டும் என்ற அன்பு. நான் தடுத்துப் பார்த்தேன். “நல்ல நாளும் அதுவுமா மெஷினைப் பட்டினி போடச் சொல்றீங்களே சார்” என்றார்கள். சரி, ஊட்டியதற்குப் பிறகாவது கேட்டுப் பார்க்கலாம் என்றால் கருவியைக் காணவில்லை. பூஜை மேடையில் சுத்தியல், ஸ்பேனர்களுக்கு நடுவே சாமந்தி மாலையோடு அது வீற்றிருந்தது. விலை உயர்ந்த பொருள் என்பதால் நடுவில் இடம். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும்.

அன்று குடும்பங்களுக்கும் அழைப்பு உண்டு. எங்கள் வீடு இருந்த மர்பி டவுனிலிருந்து மனைவியையும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகளையும் கூட்டி வந்திருந்தேன். சாப்பாடு பெயின்ட் ஷெட்டில். அங்கே வெளிக்காற்றை உள்ளே தள்ளும் பெரிய புளோயர் ஒன்று உண்டு. அதன் பெல்ட்டுக்கு மேலே ஒரு மூடி உண்டு. பூஜைக்காக மூடிக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட் காயவில்லை என்று மாட்டவில்லை. மூடி இருக்க வேண்டிய இடத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். கற்பூரம் காட்டி ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிடுவோம் என்றார் மேனேஜர். ஓட்டினார்கள். காற்று சுகமாக வந்தது. நிறுத்தவில்லை.

பிள்ளைகள் காற்று வரும் இடமாகப் பார்த்துப் புளோயருக்கு நேர் எதிரே பாயில் உட்கார்ந்துகொண்டார்கள். முதல் ஆளாக என் மகள்.

சாம்பார் சாதத்தில் இருந்தபோது புளோயரின் பேரிங்கைப் பார்த்தேன். அதன் நெற்றியில் வைத்த குங்குமம் இளகிய கிரீஸோடு வழிந்து கீழே வந்திருந்தது. எழுந்து மேனேஜரிடம் போனேன். மைசூர்க்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார்.

“பேரிங் சூடாகுது சார். நிறுத்திடலாம்.”

“இன்னைக்குமா டாக்டர் வேலை? ஊட்டா முடியட்டும் சார், பிள்ளைங்க சாப்பிடறாங்கல்ல. கை வச்சுப் பாத்தீங்களா?”

“கை வைக்கணும்னா மூடி இல்லாத பெல்ட் பக்கத்துல போகணுமே.”

“அப்ப வைக்காதீங்க” என்று பாயசத்துக்குத் திரும்பினார்.

வருடம் முழுக்க எதையாவது சொல்லிப் பயமுறுத்துகிறவன் நான். அன்று மட்டும் அவர் ஏன் நம்ப வேண்டும்? பூஜை மேடைக்குப் போய் மாலையோடு கருவியைத் தூக்கினேன். ஸ்டோர்கீப்பர் ஓடி வந்தார்.

“சார், இன்னா பண்றீங்க? பூஜைல கீறதத் தொடாதீங்க! ஆயுதத்துக்கெல்லாம் இன்னைக்கு ரெஸ்ட்டு.”

“புளோயர் ரெஸ்ட்ல இல்லையே, ஓடுதே!”

“அது ஓடல சார். காத்து குடுக்குது.”

மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். பெல்ட்டை விட்டுத் தள்ளி நின்று, கம்பியின் முனையை மட்டும் பேரிங்கில் நீட்டி வைத்தேன். முந்தின நாள் கேஸ் அடுப்பு போலச் சீறிய பேரிங், தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவது போல அலறியது.

சுவிட்ச் ஷெட்டின் மறுகோடியில். போகிற வழியில்தான் மகள் இருந்தாள் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். கையைப் பிடித்து இலையிலிருந்து அவளைத் தூக்கினேன்.

“அப்பா, விடுங்கப்பா! எல்லாரும் பாக்குறாங்க!”

விடவில்லை. கழுத்தில் ஹெட்போனும் தோளில் சாமந்தி மாலையுமாக மகளை இழுத்துக்கொண்டு ஓடும் மனிதனைப் பார்க்க மற்ற பிள்ளைகளும் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்கள். சுவிட்சை அணைத்தேன். புளோயர் வேகம் குறைந்துகொண்டே வந்து, முழுதும் குறையும் முன்பே பேரிங் இறுகி, ஓர் உதறலோடு நின்றது. பெல்ட் கழன்று தோரணத்தை அறுத்துக்கொண்டு பறந்து பாயில் விழுந்தது. என் மகளின் இலை இரண்டாகக் கிழிந்திருந்தது.

எல்லோரும் கிழிந்த இலையைச் சுற்றிக் கூடினார்கள். பிறகு ஸ்டோர்கீப்பர், “பூஜைல வச்சத நடுவுல எடுத்தா வேற இன்னா ஆவும்?” என்றார். பலர் தலையாட்டினார்கள். விசாரணையின் முடிவும் ஏறக்குறைய அதுதான். நீலம் பாய்ந்து கருகிய பேரிங்கை மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, பூஜைக்கென்று தனியாக இன்னொரு கருவி வாங்க உத்தரவிட்டார்.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நெஜமாவே கேட்டுச்சாப்பா? இல்ல எப்பவும் போல பயந்தீங்களா?”

“கேட்டுச்சும்மா.”

“மொதல்ல கேட்டுச்சா, மொதல்ல பயந்தீங்களா?”

“பயந்ததாலதான் கேட்டேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். கம்பியைப் பிடித்திருந்த என் கைமேல் கையை வைத்துக்கொண்டாள். வீடு வரை எடுக்கவில்லை.

அந்தப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். சீலிங் ஃபேன் சற்றே முனகினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அடுத்த வருடம் புதுக்கருவி மேடை நடுவில் மாலையோடு வீற்றிருந்தது. பழையது என் கையில். மெஷின்களுக்கு வழக்கம்போல் விருந்து நடந்தது. நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகக் கேட்டு, அதிகப்படியை வழித்தெடுத்தேன். பெல்ட் மூடிக்கு மறுபடியும் பெயின்ட் அடித்திருந்தார்கள், ஆனால் ஈரத்தோடேயே மாட்டிவிட்டார்கள். அதைத்தான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு என் மகள் ஷெட்டின் கடைசி மூலையில், வியர்க்க வியர்க்க, சுவரோரமாக உட்கார்ந்தாள். புளோயருக்கு எதிரே காற்று வரும் இடம் காலியாக இருந்தது.

“வாங்க அங்கிள், இங்க நல்லா காத்து வரும்” என்று மேனேஜரை அங்கே கூப்பிட்டு உட்கார வைத்ததும் அவள்தான்.